சட்டியும் அகப்பையும்

"சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்" என்ற பழமொழியை அறியாத தமிழர் இல்லை. கைப்பொருள் இல்லாதவன் வாக்குறுதி தரும்போதும், படிக்காதவன் பாடம் சொல்ல வரும்போதும் இதைச் சொல்லிச் சிரிக்கிறோம். பெரும்பாலும் பிறரைப் பற்றியே சொல்கிறோம். ஓர் ஆசிரியை தம்மைப் பற்றியே இதைச் சொல்ல நான் ஒருமுறை கேட்டேன். அன்று சிரித்தவர்களில் நானும் ஒருவன். அந்தச் சிரிப்பு நாளடைவில் என்னுள் ஒரு கேள்வியாக மாறிற்று. அதனையே வாசகர்களோடு சேர்ந்து இங்குச் சிந்திக்க விரும்புகிறேன்.

திருநெல்வேலிக்கு வடக்கே, மதுரை நெடுஞ்சாலையில் இருக்கிறது கங்கைகொண்டான். சிற்றாறு அவ்வூரைக் கடந்து சென்று சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது. ஒருபுறம் சிப்காட் தொழிற்பூங்கா. மறுபுறம் 2013-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட புள்ளிமான் காடு. இவற்றுக்கு இடையே குளத்தையும் மழையையும் நம்பி வாழும் சிற்றூர்கள். அத்தகைய சிற்றூர் ஒன்றின் ஈராசிரியர் பள்ளியில் பல ஆண்டுகள் பணிபுரிந்தவர் அந்த ஆசிரியை. பள்ளிப் படிப்பையும் ஆசிரியர் பயிற்சியையும் தமிழிலேயே முடித்தவர். ஆங்கிலத்தைப் பாடநூலில் படித்திருந்தாரே தவிர, அம்மொழியில் யாரோடும் பேசும் தேவை அவருக்கு வந்ததில்லை.

தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு மூன்று நாள் ஆங்கிலப் பயிற்சி நடந்தது. கருத்தாளர்களாகச் சென்ற மூவருள் நான் ஒருவன். முதல் நாள் பிற்பகலில் ஒரு செய்முறை: இருவர் இருவராக முன்னே வந்து, ஒருவர் கடைக்காரராகவும் மற்றவர் பொருள் வாங்குபவராகவும் ஆங்கிலத்தில் பேசிக்காட்ட வேண்டும். தம் முறை வந்ததும் அந்த ஆசிரியை தயங்கித் தயங்கி எழுந்து வந்தார். மேசைமேல் இருந்த தக்காளிகளைக் காட்டி, "ஹௌ மச் இஸ் திஸ் டொமேட்டோஸ்?" என்று கேட்டார். கடைக்காரராக நின்றவர் விடை சொல்லும் முன்பே நான் இருக்கையிலிருந்து குறுக்கிட்டேன்: "இஸ் திஸ் இல்லை டீச்சர், ஆர் தீஸ். பன்மை அல்லவா? மறுபடி சொல்லுங்கள்."

அவர் மறுபடி சொல்லவில்லை. நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சற்று நேரம் தக்காளியையே பார்த்தபடி நின்றவர், பிறகு தமிழில், "சட்டியில இருந்தாத்தானே சார் அகப்பையில வரும்?" என்று சொல்லிவிட்டுப் போய் அமர்ந்தார். அரங்கம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. மீதி இரண்டு நாளும் அவர் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டார், தாள்களை வாங்கிக்கொண்டார், வாய் திறக்கவில்லை. நானும் அதைப் பொருட்படுத்தவில்லை. இலக்கணப்படி நான் சொன்னது சரி என்ற நிறைவோடு வீடு திரும்பினேன்.

தன்னிடம் இல்லாததை ஒருவர் பிறருக்குக் கொடுக்க முடியுமா? ஆங்கிலம் சரளமாகப் பேச வராத ஒருவர் சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்க முன்வருவது நேர்மையான செயல்தானா? அவருக்குப் பயிற்சி தர வருகிறவர்கள் கொடுக்க வேண்டியது என்ன? பள்ளிக்கூடத்து நடைமுறை பற்றியவை போலத் தோன்றினாலும், இவை அறம் பற்றிய கேள்விகள்.

இக்கேள்விகள் நம் நாட்டுக்குப் புதியன அல்ல. விடுதலைக்குப் பின், ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்கவென்றே 1956-இல் அலகாபாத்திலும், 1958-இல் ஐதராபாத்திலும், 1963-இல் பெங்களூரிலும் நிறுவனங்கள் தோன்றின. அக்காலத்தில் நம் சென்னை மாநிலத்தில் ஒரு பெரும் முயற்சி நடந்தது. அதைப் பற்றி 1962-இல் டி. ஏ. ஸ்மித் என்பவர் எழுதிய கட்டுரையின் தலைப்பே அதன் அளவைச் சொல்லிவிடுகிறது: தொடக்க நிலையில் ஆங்கிலம் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி தரும் முயற்சி அது. அத்தனை பேருக்கும் நேரடியாகப் பயிற்சி தர யாரால் இயலும்? முதலில் ஒரு சிலருக்குப் பயிற்சி. அவர்கள் தத்தம் பகுதியில் வேறு சிலருக்கு. அவர்கள் மேலும் பலருக்கு. உருளஉருளப் பெருக்கும் பனிப்பந்து என்று அதற்குப் பெயரிட்டார்கள்.

அதே 1962-இல் லண்டனில் ஜான் ஹேக்ராஃப்ட் என்பவர், பிறமொழியாளருக்கு ஆங்கிலம் கற்பிக்க விரும்புவோர்க்கு இரு வாரச் செய்முறைப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். சொற்பொழிவுகளைக் குறைத்து, பயிற்சி பெறுவோரை உண்மையான மாணவர் முன் நிறுத்திப் பாடம் நடத்தச் செய்து, அதைப் பார்த்து வழிகாட்டுவது அதன் முறை. அங்கே சிறு குழு; இங்கே 27,000 பேர். வசதியில் இவ்விரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. எனினும் கேட்டுக் கற்பதை விடச் செய்து கற்பதே மேல் என்ற எண்ணம் அதன் பின் எங்கும் பரவிற்று. இன்று வட்டார வள மையங்களில் நடக்கும் பயிற்சிகளில் அட்டைகளும் பாடல்களும் நடித்துக்காட்டலும் இடம்பெறுவதற்கு அவ்வெண்ணமும் ஒரு காரணம்.

பனிப்பந்து என்ற உவமை பனி விழும் நாட்டாருக்குப் பொருந்தலாம். தாமிரபரணிக் கரையில் வாழும் நமக்குத் தெரிந்தது வாய்க்கால். மருதூர் அணைக்கட்டிலோ திருவைகுண்டம் அணைக்கட்டிலோ திறந்துவிடும் தண்ணீர் உருண்டு பெருப்பதில்லை. தலைமடையில் கரைபுரளும், நடுமடையில் முழங்காலளவு போகும், கடைமடைக்காரர் மண்வெட்டியோடு இரவெல்லாம் விழித்திருந்தும் சில ஆண்டுகளில் வயல் நனைவதே பெரும்பாடு. ஒருவரிடமிருந்து ஒருவருக்கு என்று கைமாறி வரும் பயிற்சியும் அப்படித்தான். தலைநகரில் பத்து நாள் கற்றது மாவட்டத்தில் ஐந்து நாளாகி, ஒன்றியத்தில் மூன்று நாளாகி, வகுப்பறையில் சுவரில் தொங்கும் ஒரு படமாக முடிந்துவிடுகிறது.

ஆனால் வழியில் வற்றாமல் வந்து சேர்வதும் ஒன்று உண்டு. அதுதான் மனிதர் மனிதரை நடத்தும் விதம். கருத்தாளர் தம் பயிற்சியில் எப்படி நடத்தப்பட்டாரோ அப்படியே ஆசிரியரை நடத்துகிறார். ஆசிரியர் எப்படி நடத்தப்பட்டாரோ அப்படியே பிள்ளையை நடத்துகிறார். பாட முறை பாதியாகக் குறைந்து போய்ச் சேரும். இடையில் நேர்ந்த அவமானம் ஒரு துளி குறையாமல் கடைசி வரிசையில் இருக்கும் குழந்தைக்குப் போய்ச் சேரும். நான் அன்று குறுக்கிட்டபோது ஒரு சொற்றொடரைத் திருத்தியதாக நினைத்தேன். குறுக்கிடுவது எப்படி என்பதை நாற்பது பேருக்குக் கற்பித்தேன் என்பதே உண்மை.

அன்று நான் அப்படிக் குறுக்கிட்டதற்கு ஒரு நம்பிக்கை அடிப்படையாக இருந்தது. பிழை ஒரு நோய். கண்டவுடன் களைய வேண்டும். இந்நம்பிக்கையை வலுவாக அசைத்துப் பார்த்தவர்களுள் ஒருவர் நம் நாட்டவரான என். எஸ். பிரபு. சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய அவர், 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை முதலிய இடங்களில் சாதாரணப் பள்ளி வகுப்புகளில் ஒரு சோதனை நடத்தினார். இலக்கணத்தை வரிசைப்படுத்திப் பயிற்றுவதை விட்டு, தொடர்வண்டிக் கால அட்டவணையைப் பார்த்து விடை காண்பது போன்ற பணிகளைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். பொருளை உணர்ந்து செயலாற்றும்போது மொழியின் அமைப்பு மனத்தில் தானே உருப்பெறும் என்பது அவர் கருத்து. பின்னர், 1990-இல் எழுதிய ஒரு கட்டுரையில், எல்லாருக்கும் ஏற்ற ஒரே சிறந்த முறை இல்லை என்று வாதிட்டார். எந்த முறையைப் பின்பற்றினாலும், இதனால் பிள்ளைகள் கற்கிறார்கள் என்ற உள்ளுணர்வு ஆசிரியரிடம் உயிரோடு இருக்க வேண்டும். அது இல்லாமல் இயந்திரம்போல் கற்பிப்பதே பெரும் கேடு என்பது அவர் முடிவு. அப்படியானால், பயிற்சி அரங்கில் ஆசிரியரின் தன்னம்பிக்கையைப் பறித்துக்கொண்டு, பதிலுக்கு ஒரு முறையைக் கையில் கொடுப்பது என்ன வாணிகம்?

எனினும் பழமொழி நம்மை எளிதில் விடுவதில்லை. சட்டி காலியாக இருந்தால் தன்னம்பிக்கை மட்டும் என்ன செய்யும்? இக்கேள்வியை 13-ஆம் நூற்றாண்டிலேயே கூர்மையாக எழுப்பியவர் புனித தாமஸ் அக்குவினாஸ். உண்மையைப் பற்றிய தம் நூலில் ஆசிரியரைப் பற்றி ஒரு தனிப்பகுதியே எழுதியுள்ளார். ஆசிரியரை அவர் மருத்துவரோடு ஒப்பிடுகிறார். மருத்துவர் நலத்தைக் கொண்டுவந்து நோயாளியின் உடலில் ஊற்றுவதில்லை. உடலின் இயற்கையே நலம் பெறுகிறது. மருத்துவர் அதற்குத் துணை செய்கிறார். அவ்வாறே மாணவரின் அறிவு தானே விளங்குகிறது; ஆசிரியர் துணை செய்கிறார்.

ஆனால் அதே பகுதியில் ஒரு வேறுபாட்டையும் அவர் சுட்டுகிறார். மருத்துவர் நலத்தை உண்டாக்குவது தம் உடல்நலத்தால் அன்று, தம் மருத்துவக் கலையால். எனவே நோயுற்ற மருத்துவரும் நலம் தர முடியும். ஆசிரியரோ தம்மிடம் உண்மையிலேயே உள்ள அறிவைக் கொண்டுதான் கற்பிக்கிறார். இல்லாத அறிவை அவர் தர முடியாது. முதல் பார்வைக்கு இது அந்த ஆசிரியைக்கு எதிரான தீர்ப்பாகவே தோன்றுகிறது.

நான் இதைப் பலகாலம் எண்ணிப் பார்த்தேன். மொழியைப் பேசும் திறன் இவ்விரண்டில் எதைச் சேர்ந்தது? முக்கோணத்தின் கோணங்களைப் பற்றிய அறிவு போன்றதா, உடல்நலம் போன்றதா? வினைச்சொல்லின் காலங்களையும் சொல்லின் பொருளையும் அறிவது அறிவுதான். அதைப் பெறாமல் கற்பிக்க முடியாது. ஆனால் தயங்காமல் வாய்திறந்து பேசுவது பெரிதும் உடல்நலம் போன்றது. பயிற்சியாலும் பழக்கத்தாலும் அச்சமின்மையாலும் வளர்வது. கால் ஊனமுற்ற ஒருவர் சிறந்த ஓட்டப் பயிற்சியாளராக இருக்கலாம். ஓட்டம் எப்படி நிகழ்கிறது என்பதையும், ஓடுகிறவனுக்கு எங்கே மூச்சு வாங்கும் என்பதையும் அவர் அறிந்திருந்தால் போதும். ஆகவே அந்த ஆசிரியையிடம் இருக்க வேண்டியவை இரண்டு: தாம் கற்பிக்கும் சிறு பகுதியைப் பற்றிய தெளிவான அறிவு; கற்பிக்கும் கலை. சரளமான பேச்சு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது வரும்வரை அவர் வகுப்பறைக்கு வெளியே நிற்க வேண்டியதில்லை என்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. பிறந்த மொழியைப் பேசுகிறவருக்கு அம்மொழியின் மேடுபள்ளம் தெரிவதில்லை. நடந்து வந்து கற்றவருக்குத்தான் தெரியும். இதற்குச் சான்று தேடி நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. கங்கைகொண்டானுக்கு வடக்கே, கோவில்பட்டி வட்டாரத்தில் இருக்கும் காமநாயக்கன்பட்டியில் பணியாற்றியவர் வீரமாமுனிவர். 1680-இல் இத்தாலியில் பிறந்து, முப்பது வயதில் இந்தியாவுக்கு வந்து, பிள்ளைபோல் அமர்ந்து தமிழ் கற்றவர். தமக்குப்பின் வரும் அயல்நாட்டுத் துறவியர் மக்களின் பேச்சுத் தமிழைக் கற்பதற்காக இலத்தீனில் ஓர் இலக்கணம் எழுதினார். அயலார்க்குத் தமிழ் எங்கே தடுக்கும் என்பதை அவர் தம் நாவிலேயே அறிந்திருந்தார். அவர் எழுதிய பரமார்த்த குரு கதையும் பேச்சுத் தமிழ் பழகுவோர்க்குப் பாடமாகப் பயன்பட்டது. அக்கதையின் குருவைப் பார்த்து நாம் சிரிப்பது அவர் அறியாதவர் என்பதற்காக மட்டுமா? அறியாமையை ஒப்புக்கொள்ளாமல் குருவாகவே வீற்றிருக்கிறாரே, அதற்காகவும்தான். தம் சட்டியில் குறைவு என்று நாற்பது பேர் முன் ஒப்புக்கொண்டவரை அந்தக் குருவின் பக்கத்தில் வைக்க முடியுமா?

ஏறத்தாழ ஓராண்டு கழித்து, அந்த ஆசிரியையின் வகுப்பைப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. தரையில் சாக்கை விரித்துப் பிள்ளைகள் கடை வைத்திருந்தார்கள். உண்மையான தக்காளி, வெண்டைக்காய், காகிதத்தில் செய்த பணம். ஒரு சிறுமி கடை முன் குந்தி, நான் அன்று திருத்திய அதே பிழையோடு விலை கேட்டாள். நான் ஆசிரியையைப் பார்த்தேன். அவர் அசையவில்லை. கடைக்காரப் பையன் விலை சொன்னான்; அவள் பேரம் பேசினாள்; பணம் கைமாறியது; எல்லாம் ஆங்கிலம் என்று சொல்லத்தக்க ஒன்றில் நடந்தது. ஆட்டம் முடிந்த பிறகு அவர் கரும்பலகையில் ஒரு தக்காளியையும் மூன்று தக்காளிகளையும் வரைந்தார். இரண்டுக்கும் எப்படிக் கேட்பது என்று எழுதினார். யார் பிழை செய்தார் என்று சொல்லவில்லை. பிள்ளைகள் தாமாகவே, "மிஸ், நாங்க தப்பாக் கேட்டோம்" என்று கூவினார்கள். மறு ஆட்டத்தில் பாதிப்பேர் சரியாகக் கேட்டார்கள்.

வெளியே வந்ததும் மெல்லச் சொன்னார்: "அன்னைக்கு நீங்க திருத்துனத நான் மறக்கல சார். ஆனா அதுக்கப்புறம் நான் வாயத் திறக்கல. இந்தப் பிள்ளைக வாயும் மூடிரக் கூடாதுல்லா."

இதைக் கேட்டு நெகிழ்ந்து நிறைவடைந்துவிட்டால் நாம் பாதி உண்மையையே கண்டவர் ஆவோம். மறுபாதியையும் சொல்ல வேண்டும். அவருடைய உச்சரிப்பில் இருந்த சில பிழைகள் பிள்ளைகள் நாவிலும் இருந்தன. அவர் அறியாத சொற்களைப் பிள்ளைகளும் அறியவில்லை. பட்டணத்துப் பிள்ளைக்கு ஆங்கிலம் வீட்டிலும் கிடைக்கும், தனிப்பயிற்சியிலும் கிடைக்கும். இப்பிள்ளைகளுக்கு அந்த ஒரு சட்டிதான். பள்ளிக்குச் சில கல் தொலைவில் இருக்கும் தொழிற்பூங்காவில் ஆலைகள் பெருகுகின்றன. 2025 பிப்ரவரியில்கூடச் சூரிய மின்தகடு செய்யும் பெரிய ஆலை ஒன்று திறக்கப்பட்டது. அங்கு நேர்முகத் தேர்வுக்குப் போகும் இளைஞனிடம், "உன் ஆசிரியை அன்பானவர்" என்று சொல்லி ஆறுதல் தர முடியுமா? அன்பு அரைகுறைக் கல்விக்குச் சமாதானம் ஆகாது. கற்பிக்க ஏற்றவர் தொடர்ந்து கற்கக் கடமைப்பட்டவர். அந்தக் கடமையிலிருந்து அவரை யாரும் விடுவிக்க முடியாது.

ஆனால் கடமை அவருக்கு மட்டுமா? 2012-13 கல்வியாண்டு தொட்டு அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் படிப்படியாகத் திறக்கப்பட்டன. பெற்றோர் விரும்பினார்கள், அரசு திறந்தது. தமிழ் வழியில் படித்து, தமிழ் வழியில் பயிற்சி பெற்று, இருபது ஆண்டு தமிழில் கற்பித்தவர் ஆங்கிலத்தில் கற்பிக்க வேண்டியவர் ஆனார். அவருக்குக் கொடுக்கப்பட்டவை சில நாள் பயிற்சியும் சில தாள்களும். நிரப்பாத சட்டியிலிருந்து நிறைய எதிர்பார்த்துவிட்டு, அகப்பையைக் குறை சொல்வது நீதியா? ஆண்டுக்கு மூன்று நாள் பயிற்சி ஆடிப்பெருக்கு வெள்ளம் போன்றது. பயிருக்கு வேண்டியது முறை வைத்து வந்துகொண்டே இருக்கும் தண்ணீர். மாதம் ஒருமுறை அருகிலுள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடி ஆங்கிலத்தில் உரையாடுவதும், கருத்தாளர் மீண்டும் மீண்டும் வகுப்பறைக்கே வந்து உடனிருப்பதும் அத்தகைய தண்ணீர்.

அடுத்த முறை பயிற்சி அளிக்கச் சென்றபோது என் முறையை மாற்றினேன். தொழிற்பூங்காவில் வேலை செய்யும் ஒடிசா மாநிலத்து இளைஞர் ஒருவரை முதல் நாள் காலையில் அழைத்து வந்து, அவர் தாய்மொழியை ஆசிரியர்களுக்கு ஒரு மணி நேரம் கற்றுத்தரச் சொன்னேன். மாணவன் இடத்தில் அமர்ந்தால் என்ன நேரும் என்பதை ஆசிரியர்கள் உணர, அறியாத மொழி ஒன்றில் பாடம் கேட்க வைப்பது ஆங்கில ஆசிரியர் பயிற்சிகளில் வழங்கும் ஓர் உத்தி. அந்த இளைஞருக்குத் தம் மொழி தண்ணீர்பட்ட பாடு. அவர் சட்டி நிறைந்திருந்தது. ஆனால் விரைந்து பேசினார், ஒருவருக்கும் புரியவில்லை, புரியவில்லை என்று சொன்னதும் இன்னும் உரக்கச் சொன்னார், பிறகு வெட்கப்பட்டுச் சும்மா நின்றார். பவணந்தி முனிவர் நன்னூலில் ஆகாத ஆசிரியருக்கு மடல் சூழ்ந்த பனையை உவமை சொன்னார். பழம் நிறைய உண்டு. ஏறிப் பறிக்க வழியில்லை. தானாக விழுந்தால்தான் உண்டு. பனங்காட்டில் வாழும் நமக்கு அவ்வுவமையை விளக்க வேண்டியதில்லை.

அப்போது எழுந்து வந்தார் நம் ஆசிரியை. மேசையிலிருந்த தண்ணீர்க் குவளையை எடுத்து அவர் கையில் கொடுத்தார். சைகையால், "ஒவ்வொன்றாக, மெதுவாக" என்று காட்டினார். அவர் சொன்ன சொல்லைத் தாம் முதலில் தப்பாகச் சொல்லிப்பார்த்தார். இளைஞர் சிரித்தார்; ஆசிரியையும் சிரித்தார்; மறுபடி சொன்னார். கால் மணி நேரத்தில் நாற்பது பேரும் அம்மொழியில் தண்ணீரும் சோறும் கேட்கக் கற்றுக்கொண்டோம். எனக்கு ஒரு சொல் நாவில் புரளவே இல்லை. எல்லார் முன்னும் மூன்று முறை தடுமாறினேன். யாரும் குறுக்கிடவில்லை.

பழமொழியில் சட்டியும் உண்டு, அகப்பையும் உண்டு. நாம் சட்டியையே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். நிறைந்த சட்டி இருந்தும் அகப்பை இல்லாமையால் பசித்தவர் பட்டினி கிடப்பதும் உண்டு. குறைந்த சட்டியிலிருந்து நல்ல அகப்பை பலருக்குப் பசி ஆற்றுவதும் உண்டு. சட்டியை நிரப்புவது சமுதாயமும் ஆசிரியரும் சேர்ந்து செய்ய வேண்டிய பணி. அது நெடுநாள் பணி. அதுவரை அகப்பை பிடித்த கையைத் தட்டிவிடாதிருப்பது பயிற்சி அளிக்கச் செல்வோர் இன்றே செய்யக்கூடியது.

அந்த ஆசிரியையிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க எண்ணிய போதெல்லாம், அதையும் நாற்பது பேர் முன்னிலையில் அல்லவா கேட்க வேண்டும் என்று தோன்றும். அதற்குரிய துணிவு வரவில்லை. இக்கட்டுரையை அந்த மன்னிப்பின் தொடக்கமாக வைத்துக்கொள்கிறேன். வாசகர்களுள் ஆசிரியர்களும் இருப்பீர்கள், பெற்றோரும் இருப்பீர்கள். அடுத்த முறை ஒருவர் நம் முன்னே அயல்மொழியில் தட்டுத்தடுமாறி ஒரு வாக்கியத்தைத் தொடங்கும்போது, அதை முடிக்கும்வரை காத்திருப்போமா?